ஜன்னலோரச் சோதனைத் துண்டு

ரெஜினா வீட்டிலேயே சோப்பு செய்கிறவள். புது வாசனை எண்ணெய் வாங்கினால், அது நிறத்தைக் கெடுக்குமா என்று பார்க்க முதலில் ஒரு சின்னச் சோப்புத் துண்டு செய்து ஜன்னலோரம் வைப்பாள். இந்தத் தடவை வெண்ணிலா.

மறுநாள் காலை துண்டைத் திருப்பிப் பார்த்தாள். “பால் மாதிரி இருக்கே!” தங்கை கல்யாணத்தில் எல்லோருக்கும் கொடுக்கக் கலக்கிய வெள்ளைச் சோப்புக் கலவை அத்தனையிலும் வெண்ணிலாவை ஊற்றினாள்.

அன்று சாயங்காலமே துண்டின் ஓரம் பழுப்பேறத் தொடங்கியது.

“ஐயோ, என்னை என்ன பண்ணின?” என்று அது எண்ணெய்ப் புட்டியிடம் கேட்டது.

“நான் சேர்ந்த இடம் மெல்ல மெல்லப் பழுப்பாகும். என் சுபாவம் அது.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே!”

“யார் கேட்டா? மூடியைத் திறந்து மோந்து பார்த்தாங்க, அவ்வளவுதான்.”

துண்டு ரெஜினாவைக் கூப்பிட்டுக் கத்திப் பார்த்தது. பார்த்து முடித்த துண்டை ரெஜினா ஏன் திரும்பிப் பார்க்கப் போகிறாள்?

கல்யாணம் நெருங்குவதற்குள் சோப்பெல்லாம் கருப்பட்டி நிறமாகிவிட்டன. “எங்களுக்காகத்தானே உன்னைச் செஞ்சாங்க? நீ ஏன் சொல்லல?” என்று துண்டிடம் அழுதன.

“என்னைப் பார்த்தப்போ நான் வெள்ளையாத்தான் இருந்தேன்” என்றது துண்டு.

ரெஜினா அவற்றைச் சாக்கில் கட்டிப் போட்டாள். மல்லிகை எண்ணெய் வாங்கிவந்து புதுத் துண்டு செய்தாள். மறுநாள் காலை அதையும் திருப்பிப் பார்த்தாள்.

“பால் மாதிரி இருக்கே!”

“நான் பாஸாயிட்டேன்!” என்று பூரித்தது புதுத் துண்டு.

பக்கத்திலிருந்த பழுப்புத் துண்டு இந்தத் தடவை கத்தவில்லை; “சாயங்காலம் ஆகட்டும்” என்றது.