விரல் குழி

ஐந்தாவது ரொட்டியும் நடுவில் அமுங்கியே வந்தது. குழிக்குள் ஒரு விரல் தடம். மரகதவல்லி பிரெட் மிஷினின் மூடியை அறைந்து சாத்தினாள்.

"மறுபடியும் திறந்தீங்களா?"

"வெந்துச்சான்னு பாத்தேன். விரலை நனைச்சுத்தான் தொட்டேன்" என்றார் கணவர் சிங்காரவேலு.

"தொட்டுப் பாக்க இது என்ன இட்லியா? பாதியில திறந்தா அமுங்கிடும்னு எத்தனை தடவ சொல்றது?"

மிஷின் வாங்கிக்கொடுத்த மகள் நாளைக்கு வருகிறாள். மாவு இன்னும் ஒரு ரொட்டிக்குத்தான் இருந்தது. அதைப் போட்டுவிட்டு, அவரை வெளியே தள்ளிச் சமையலறையைத் தாழிட்டு, ஸ்டூலில் காவல் உட்கார்ந்தாள். அரைமணி பாக்கி இருக்கும்போது வாசனை கிளம்பியது. உப்பியிருக்குமா, இதுவும் போச்சா? ஒன்றும் தெரியாமல் எரிச்சலாக வந்தது.

இடது கை எப்போது மூடிக்குப் போனதென்று அவளுக்கே தெரியவில்லை. வலது ஆட்காட்டி விரலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.