ஜோடிப் போட்டோ

"சிரிம்மா, கொஞ்சம் சிரி" என்றார் ஸ்டூடியோக்காரர்.

அங்கம்மாவுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்? கட்டி வந்த நாளிலிருந்து ஒரு சினிமாவுக்குக்கூடக் கூட்டிப் போகாத மனுஷன் துலுக்கானம். இன்று பட்டுப்புடவை கட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று போட்டோ பிடித்துக்கொள்கிறான். அவள் பிறந்த வீட்டில் போட்டோ என்றால் மாலையோடு சுவரில் தொங்குவதுதான்.

போன மாதம் மண்ணூர்பேட்டை பேக்டரியில் ரிட்டயரானான். அதே வாரம் இவளுக்கு அக்குளில் நெறி கட்டியிருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். அப்போதிருந்து கேட்காமலே ஆப்பிள் வாங்கி வருகிறான், ஹார்லிக்ஸ் கலக்கித் தருகிறான். வெட்டப் போகிற ஆட்டுக்குத்தானே தழையை அள்ளிப் போடுவார்கள்?

போட்டோ எடுத்து முடிந்ததும் புடவையைச் சரிசெய்துகொண்டு ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தாள். டீக்கடை ஓரம் துலுக்கானமும், கூட வேலை பார்த்த பாஸ்கலும் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்சூர்ல அவ பேரு ஏறட்டும் மாமே. அப்பால ஆவ வேண்டியதைப் பாத்துக்கலாம்" என்றான் பாஸ்கல். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போட்டோவைக் குட்த்துடு. தாண்டிச்சின்னா ஒரு பைசா தேறாது."

"அவ காதுல மட்டும் உழக்கூடாதுப்பா" என்றான் துலுக்கானம்.

அங்கம்மா ஸ்டூடியோ வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்குத் தெரிந்த இன்சூர் ஒன்றே ஒன்றுதான். பாரிவாக்கத்தில் சித்தி மகன் லாரியில் அடிபட்டுச் செத்ததும் வந்ததே, அது. ஆள் போனால்தான் துட்டு.

அன்றைக்குக் கொடுத்த ஹார்லிக்ஸைச் சாக்கடையில் ஊற்றினாள்.

மறுநாள் காலையில் போட்டோ வந்தது. அதை அலமாரியில் வைத்துவிட்டு அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, எடுத்து வெந்நீர் அடுப்பில் செருகினாள். அவளுடைய முகம் சுருண்டு கருகியது. அப்பாடா என்றிருந்தது.

துலுக்கானம் வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினான். ஸ்டூடியோவுக்கு ஓடினான். அங்கே பூட்டுத் தொங்கியது, ஆள் ஏதோ கல்யாணத்துக்குப் படம் பிடிக்கப் போய்விட்டாராம். திரும்பி வந்து வாசற்படியில் அவன் உட்காரவும், பேக்டரியில் மத்தியானச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

இனி என்ன பயம்? அங்கம்மா எதிரே வந்து நின்றாள்.

"நான்தான் அடுப்புல போட்டேன். நான் செத்து நீ துட்டு வாங்கிக்கலாம்னு பாத்தியா?"

அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு என்னமோ போலிருந்தது.

"செத்தா குடுக்கற இன்சூர் இல்ல அது" என்றான் மெதுவாக. "ரிட்டயரானவனுக்கும் பொண்டாட்டிக்கும் உசுரு இருக்கறவரைக்கும் சர்க்காரே வைத்தியம் பாக்கற இன்சூர். பேரு சேக்க இன்னிக்கு மத்தியானத்தோட கடைசி. இனிமே சேத்துக்க மாட்டாங்க."

அங்கம்மாவுக்கு உயிர் திரும்பி வந்தது. இவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஸ்டூடியோவில் வராத சிரிப்பு இப்போது வந்தது.

"நல்ல ஆளுய்யா நீ. ஒரு நெறி கட்னதுக்கா இம்மாம் அலைச்சல்?"

துலுக்கானம் சிரிக்கவில்லை.

"அது நெறி இல்லடி."