கயிற்றை அவிழ்த்தது யார்?

எலி கடித்திருக்கும் என்று வாசகர் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்.

கண்ணாடிக்கடைக்காரி ஒரு மூக்குக்கண்ணாடியின் சின்னத் திருகை முடுக்கிக்கொண்டே படித்தாள். ஒற்றை விரலால் போனில் பதில் தட்டினாள்: "கயிறு அறுபடவில்லை, அவிழ்ந்திருக்கிறது. ஐந்தாம் பாகம், கடைசி அத்தியாயம். தள்ளுபடி."

சித்தப்பா? அவர் அன்று அக்கரையில் இருந்தார். தள்ளுபடி.

நீர்ப்பூதம்? அதற்கு விரலே கிடையாது, முடிச்சை எப்படி அவிழ்க்கும்?

அந்தக் குழுவில் அவளுக்கு 'நீதிபதி' என்று பெயர். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை.

இளையோருக்கான அந்தக் கதைவரிசையில் ஐந்து புத்தகங்கள் வந்திருந்தன. ஐந்தாவதின் முடிவில் அக்காவும் தங்கையும் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். தங்கை படகிலேயே தூங்கிப்போகிறாள். யாரோ கயிற்றை அவிழ்த்துவிட, படகு அருவியை நோக்கி இழுபடுகிறது.

அதோடு சரி. எழுத்தாளர் பேனாவை மூடி வைத்துப் பல வருஷமாகிறது. முதல் பாகம் படித்தபோது பல்லுக்குக் கம்பி போட்டிருந்த பிள்ளைகள் இப்போது வேலைக்குப் போகிறார்கள். சண்டை மட்டும் ஓயவில்லை.

அன்று பிற்பகல், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம். புதிதாகச் சேர்ந்த பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி எழுதினாள்.

"அக்காதான் அவிழ்த்தாள். சும்மா விளையாட்டுக்கு. படகு அவ்வளவு தூரம் போய்விடும் என்று அவள் நினைக்கவில்லை."

குழு அவள்மேல் பாய்ந்தது. அக்கா கதாநாயகி அல்லவா? அவள் தலையிலா பழியைப் போடுவது? சின்னப் பிள்ளை என்றும் பாராமல் வறுத்தெடுத்தார்கள். வறுத்து முடித்துவிட்டு, எல்லோரும் நீதிபதியின் வாயைப் பார்த்தார்கள்.

கண்ணாடிக்கடைக்காரி திருப்புளியைக் கீழே வைத்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

"இந்தப் பெண் சொல்வது சரி. இன்னொன்றும் உண்டு. தங்கை தூங்கவில்லை. தூங்குகிற மாதிரி படுத்திருந்தாள். முடிச்சில் அக்காவின் கை இருந்ததைப் பார்த்தாள். அதற்காக அவள் ஒருநாளும் கோபப்பட்டதில்லை."

எந்தப் பக்கம், எந்த வரி என்று கேள்விகள் குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்க எண் கேட்டு மற்றவர்களை உலுக்கி எடுப்பவளிடம், இதற்குக் காட்டப் பக்கம் இல்லை.

கடையை மூடப்போகும்போது போன் அடித்தது. எடுத்தாள்.

"நீ தூங்கலையாடி?"

"இல்லக்கா. அன்னிக்கு என்னைவிட நீதான் அதிகமா அழுதே, அதான் சொல்ல வாய் வரல. போய் ஆறாம் பாகத்தை எழுதி முடி, பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்காங்க."