ஒரு சிறுகோளும் ஒரு கருங்காலியும்

"முதல் அநியாயம், பெண் என்பதற்காகப் பூர்ணாவுக்கு இரவுப் பணி மறுத்தது. இரண்டாவது, பணி கொடுத்த பிறகும், துணைக்கு ஒரு ஆள் இருந்தால்தான் தொலைநோக்கி அறைக்குள் விடுவோம் என்றது. மூன்றாவது, அவர் கண்டுபிடித்த சிறுகோளை டைரக்டர் தன் பெயரில் அறிவித்துக்கொண்டது!"

மல்காஜ்கிரி சமூகக் கூடத்தில் மைக்கைப் பிடித்திருந்தவர் தியாகு. வானாய்வக ஊழியர் சங்கத்தின் முன்னாள் தலைவர். வருடக்கணக்கில் துண்டுப் பிரசுரம் போட்டுப் போராடி, அந்தக் கண்டுபிடிப்பை வானியலாளர் பூர்ணாவின் பெயருக்கே மாற்ற வைத்தவர்.

அதற்குத்தான் இந்த விழா. கண்டுபிடித்தவரே சிறுகோளுக்குப் பெயர் வைக்கலாம். தன் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. அதுதான் வழக்கம்.

ஆனால் மேடையில் பூர்ணாவுக்குப் பக்கத்தில் பழைய டைரக்டர் ராகவேந்திரா! பூர்ணாவே நேரில் போய் அழைத்தாராம்.

"நாலாவது அநியாயம் இப்போ நடக்கப் போகுது!" தியாகு கொதித்தார். "ஏம்மா, திருடினவர் பேரையே வைக்கப் போறீங்களா?"

பின்வரிசையிலிருந்து அவர் மனைவி கிரிஜா குரல் கொடுத்தாள். "ஏங்க, எதுக்கு இவ்ளோ கத்தறீங்க? பிரஷர் ஏறும்."

"நீ சும்மா இரு. உனக்கு இதெல்லாம் தெரியாது."

கூடம் சிரித்தது.

பூர்ணா எழுந்தார். "தோழர், நான் அதைக் கண்டுபிடிச்சது எப்போன்னு ஞாபகம் இருக்கா?"

"மறப்பேனா? நம்ம ஸ்ட்ரைக் நடந்த மாசம். ராத்திரி பூரா கேட்டுல நானே காவல். ஊழியர் வீட்டு ஈ, எறும்புகூட உள்ளே போகல!"

"அப்போ எனக்கு யாரு துணை?"

தியாகு மைக்கைக் கை மாற்றிப் பிடித்தார்.

"ஆள் இல்லேன்னா வீட்டுக்குப் போங்கன்னுட்டார் டைரக்டர். அப்போ ஒருத்தங்க குவார்ட்டர்ஸ் பக்கத்துச் சுவர் ஏறிக் குதிச்சு வந்தாங்க. மாசம் பூரா என்கூட உட்கார்ந்தாங்க. அவங்க வரலேன்னா அந்தக் கோளும் இல்ல, உங்க போராட்டமும் இல்ல. சாரும் அந்தப் பேரைக் கேட்கட்டும்னுதான் கூப்பிட்டேன்."

ராகவேந்திரா தலை நிமிரவில்லை. தியாகுவின் முகம் சிவந்தது.

"நம்ம ஸ்ட்ரைக்கை உடைச்ச கருங்காலியா? யாரது? இத்தனை பேர் சாட்சி. பேரைச் சொல்லுங்க!"

பூர்ணா ஒரு அட்டையை நீட்டினார். "நீங்களே படிங்க."

பின்வரிசையில் கிரிஜா அவசரமாகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

தியாகு கண்ணாடியை மாட்டினார். அட்டையைப் பார்த்தார். பின்வரிசையைப் பார்த்தார்.

"சத்தமா, தோழர்."

தியாகு நிமிர்ந்து நின்றார். சங்கத் தீர்மானம் படிக்கும் அதே குரலில் படித்தார்.

"கிரிஜா தியாகு."