ரெண்டும் ஒரே டிஸ்க்

“வெளியே வாலே நியாசு! திருட்டுப் பயலே, வெளியே வா!”

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நியாஸ் அகமது, கையில் ஸ்குரூ டிரைவரோடு எட்டிப் பார்த்தான்.

வாசலில் ஷேர் ஆட்டோ. பனவடலிசத்திரம் சிவனாண்டி இறங்கிக்கொண்டிருந்தார். சந்தைக்கு ஆட்டுக்குட்டி கொண்டுவருகிறவர்போல இரண்டு கக்கத்திலும் இரண்டு சிபியு. பின்னாலேயே வயர்களைச் சுருட்டிப் பிடித்தபடி அவர் மகள் வேல்விழி.

“என்ன அண்ணாச்சி, இப்படி சத்தம் போடுதீங்க?”

“சத்தமா? இன்னும் ஆரம்பிக்கவே இல்லலே. சிபியு வேகமா ஓடும்னு போன வாரம் உங்கிட்ட எத்தனை எஸ்.எஸ்.டி. டிஸ்க் வாங்குனேன்?”

“ரெண்டு.”

“ஒரே கம்பெனியா?”

“ஆமா.”

“ஒரே சைஸா?”

“ஆமா.”

“அப்ப மகன் சிபியுல செகண்டுக்கு ஐந்நூத்தி நாப்பது எம்.பி.ன்னு பறக்குது. மக சிபியுல இருநூத்தி அறுபதுல நொண்டுது. ஏம்லே? பொம்பளப் பிள்ளைக்கு என்ன தெரியவா போகுதுன்னு அவளுக்கு மட்டும் டூப்ளிகேட்ட மாட்டிவிட்டியா? அவளே அளந்து பாத்துட்டா!”

எதிர் டீக்கடையில் நாலு பேர் வடையும் கையுமாகத் திரும்பினார்கள். கடைக்காரர் தங்கப்பழம், ஆற்றி முடித்த டீயை மறுபடி ஆற்றினார்.

“டூப்ளிகேட்லாம் இல்ல அண்ணாச்சி. மகனோடது இந்த வருசம் வாங்குன சிபியு. பாப்பாவோடது பதினாலு வருசத்துப் பழசு. அதுல டிஸ்க் மாட்டுத எடத்துல அவ்வளவு வேகந்தான் போகும். மழை பேஞ்ச மறுநாள் புது பைக்கைத் திருவேங்கடம் பக்கத்துக் கரிசக்காட்டுல ஓட்டிப் பாருங்க, சிக்கிக்கிட்டு நிக்கும். அது பைக் குத்தமா?”

சிவனாண்டி உதட்டைக் கோணி, நியாஸின் குரலிலேயே இழுத்தார்.

“‘கரிசக்காட்டுல ஓட்டிப் பாருங்க!’ நான் என்ன பைக்கு வாங்கவாலே வந்தேன்? எம் மக வேலை போகப்போகுதுலே! கல்யாண ஆல்பத்துக்கு போட்டோ சரிபண்ணி அனுப்புத வேலை. வீட்டுல இருந்தே பாக்குதா. ஒரு மாசம் சோதனைக்கு வச்சிருக்கானுவ. ஒரு நாளைக்கு நூறு படம் அனுப்பணும். அந்தச் சவம் ஒவ்வொரு படத்தையும் தொறக்கதுக்குள்ள விடிஞ்சிருது, அறுபது தாண்ட மாட்டேங்குது. இன்னும் பத்து நாளுதான் இருக்கு. வேலை போச்சுன்னா நீ குடுப்பியா?”

“கேக்கது நியாயந்தான?” என்றது ஒரு வடை.

“பொம்பளப் பிள்ளைக்காக இப்படி வரிஞ்சுகட்டிட்டு வார அப்பன் எவன் இருக்கான்?” என்றது இன்னொரு வடை.

சிவனாண்டிக்குத் தெம்பு கூடிவிட்டது.

“ஆடித்தபசுக்குத் துணி எடுத்தாக்கூட ரெண்டு பேருக்கும் ஒரே வெலையிலதான் எடுப்பேன். பெத்த நானே பேதம் பாக்கல. நீ யாருலே பாக்கதுக்கு?”

நியாஸுக்கும் மூக்கு விடைத்தது.

“சரி அண்ணாச்சி. நடுத்தெருவுல வச்சுத் திருடன்னு சொல்லிட்டீங்க. நடுத்தெருவுலயே பாத்துருவோம். ரெண்டையும் வைங்க இங்கன!”

மேஜை வாசலுக்கு வந்தது. டீக்கடையும் மொத்தமாக இந்தப் பக்கம் வந்தது. நியாஸ் இரண்டு சிபியுவையும் திறந்து, டிஸ்க்கைக் கழற்றி, இதிலிருந்ததை அதிலும் அதிலிருந்ததை இதிலும் மாட்டினான். வேகம் அளக்கிற புரோகிராமை ஓடவிட்டான்.

மகளின் டிஸ்க், மகன் சிபியுவில்: ஐந்நூற்று நாற்பது.

மகனின் டிஸ்க், மகள் சிபியுவில்: இருநூற்று அறுபது.

“இன்னொரு மட்டம் போடு!”

போட்டான். அதேதான்.

“இன்னொரு மட்டம்!”

“நூறு மட்டம் போட்டாலும் இதான் அண்ணாச்சி. டிஸ்க் ரெண்டும் ஒண்ணுதான். இப்பச் சொல்லுங்க, நான் யார ஏமாத்துனேன்?”

இத்தனை கோபத்தையும் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று சிவனாண்டிக்குத் தெரியவில்லை. பழைய சிபியுவின் மண்டையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“அப்ப இந்த மூதிதான் எல்லாத்துக்கும் காரணமா?”

“அதத்தான் மொதல்லயே சொன்னேன். இதுக்குள்ள என்னத்தக் கொண்டுவந்து மாட்டுனாலும் இவ்வளவுதான். பாப்பாவுக்கு நூறு படம் போகணும்னா புது சிபியு வேணும்.”

அதுவரை வயரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்த வேல்விழி நிமிர்ந்தாள்.

“அதான் இருக்கேப்பா.”

“எதுட்டி இருக்கு?”

“புது சிபியு. இந்தா, மேஜை மேல. பத்து நாளைக்கு நான் இதுல வேலை பாத்துக்கிடுதேன். தம்பி கேம்தான வெளையாடுதான்? அத என்னோடதுல வெளையாடட்டும். சோதனை மாசம் முடிஞ்ச மறுநாளே திருப்பிக் குடுத்துருதேன்.”

“அட, இவ்வளவு லேசான விசயத்துக்கா இந்தப் பாடு!” தங்கப்பழம் கையைத் தட்டினார். “நியாசு, பாப்பா டிஸ்க் இப்பப் புதுசுலதான இருக்கு? அப்படியே மூடிக் குடுத்துரு!”

நியாஸ் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு சிவனாண்டியைப் பார்த்தான். வேல்விழியும் பார்த்தாள்.

தெரு முழுக்கக் கேட்ட குரல் இப்போது பக்கத்து ஆளுக்குக்கூடக் கேட்கவில்லை. சிவனாண்டி மகளின் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“ஏட்டி, அவன் ஆம்பளப் பிள்ள. எடுத்தா கோவிச்சுக்கிட்டு ஒருவாய் சோறு திங்க மாட்டான். நீ அந்தப் பழசுலயே கொஞ்சம் வெரசாப் பாரேன்.”