முதலாளி காய்ச்சிய பியர்

“எப்பிடி இருக்கு? ஒளிக்காமல் சொல்லவேணும்!”

தவரத்தினம் முதலாளி இரண்டு கிளாஸையும் மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

புலம்பெயர் தமிழரின் கடைத்தெருவான லா சப்பலில் கீழே அவருடைய சாப்பாட்டுக்கடை, மேலே வீடு. வாழ்க்கையில் முதல்தடவையாக வீட்டிலேயே பியர் காய்ச்சியிருந்தார். திங்கட்கிழமை கடை பூட்டு என்பதால், சமையல்காரர்கள் லாசரையும் வசந்தனையும் ருசி பார்க்க மேலே கூப்பிட்டிருந்தார்.

வசந்தன் ஒரு மிடறு குடித்தான். கண் கலங்கிவிட்டது. பியரா அது? புளிக்கும் வினாகிரிக்கு நுரை கட்டிவிட்ட மாதிரி இருந்தது.

“எப்பிடிப் போட்டனீங்கள் முதலாளி?” நேரம் கடத்தக் கேட்டான்.

“இதென்ன பெரிய வித்தையே! தோசைமா புளிக்க வைக்கிற மாதிரித்தான். வாளியை ஹீற்றருக்குப் பக்கத்திலை வைச்சு, நெடுகத் திறந்து திறந்து பாத்தன்.”

தோசைமா பொறுத்துக்கொள்ளும். பியர் பொறுக்கவில்லை.

வசந்தனுக்கு உண்மையைச் சொல்லப் பயம். இருவரில் ஒருவரைத்தான் நிரந்தர வேலைக்கு எடுக்கப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார். அது கிடைக்காவிட்டால் மனைவி சிவரஞ்சினியைக் கிளிநொச்சியிலிருந்து கூப்பிட முடியாது. கல்யாணம் முடிந்த நாளிலிருந்து போனிலேயே குடும்பம் நடக்கிறது.

“தேன், முதலாளி!” என்றான். “பாருகளிலை விக்கிறதெல்லாம் இதுக்குக் கிட்டவும் நிக்காது!”

மிச்சத்தையும் கண்ணை மூடிக்கொண்டு இறக்கினான்.

லாசர் கிளாஸை மெல்லத் தள்ளிவைத்தார்.

“கோவிக்காதேங்கோ அண்ணை. இது பழுதாப் போச்சு. மனிசர் குடிக்கேலாது, ஊத்திப்போடுங்கோ.”

வசந்தன் மேசைக்குக் கீழே அவர் காலைச் சுரண்டினான். லாசர் அசையவில்லை. அவருக்கும் அந்த வேலை தேவைதான். புறநகரான சார்செலில் வாடகை வீடு, படிக்கிற பிள்ளைகள். பிழைக்கத் தெரியாத மனிதர்!

தவரத்தினம் லாசரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“இதுதான் உண்மையான மனிசன்! பழுதெண்டு எனக்குக் காலமையே தெரியும். வாயிலை வைச்சிட்டுத் துப்பிப்போட்டன். ஊத்தத்தான் வெளிக்கிட்டனான். பிறகு யோசிச்சன், உங்கள் ரெண்டு பேரையும் சோதிச்சுப் பாக்க இதைவிட நல்ல சாமான் கிடைக்காதெண்டு.”

வசந்தனுக்குக் காதெல்லாம் சுட்டது. தன் வாயாலேயே காரியத்தைக் கெடுத்துக்கொண்டாயிற்று. இனிச் சிவரஞ்சினிக்கு என்னவென்று சொல்வது?

“நூற்றிலை ஒருத்தன் நீ, லாசர்” என்றார் முதலாளி. “அதாலை சொல்லுறன், புதன்கிழமை கடைப்பக்கம் வராதை. வீட்டிலை ஆறுதலா நில்.”

லாசர் ஒன்றும் விளங்காமல் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

முதலாளி மேசை லாச்சியை இழுத்துத் திறந்து நிரந்தர வேலைப் பத்திரத்தை எடுத்தார். கையெழுத்துப் போட்டு வசந்தனுக்கு முன்னால் நகர்த்தினார்.

“எனக்கோ?” வசந்தனால் நம்ப முடியவில்லை. “நான் பொய்யெல்லோ சொன்னனான் முதலாளி!”

“ஓமடா. கண் கலங்கக் கலங்க, ஆனால் முகம் கோணாமல் சொன்னாய்.”

அவன் கிளாஸை அவர் மறுபடியும் நிரப்பினார்.

“புதன்கிழமை அரசாங்க வேலைப் பரிசோதகர் வாறார். போன மாதம் எங்கட குசினியிலை எண்ணெய் கொட்டிக் கை வெந்த ஐங்கரனைப் பற்றிக் கேப்பார். அப்பிடி ஒருத்தன் இஞ்சை வேலையே செய்யேல்லை எண்டு, இதே முகத்தோடை சொல்லிவிடு.”