புகார் இல்லாத தெரு

நகராட்சி இப்போதெல்லாம் தெருவிளக்கில் மாட்டிய ஒலிமானியை வைத்துத்தான் தெருக்களுக்கு மதிப்பெண் போடுகிறது. அளவெடுக்கும் ஒரு மணி நேரத்தில் தெருவில் எழும் கூச்சலெல்லாம் புகார். புகார் கூடினால் தண்ணீர் வாரம் ஒருமுறைதான். நான் தெருப் பொறுப்பாளன்.

அன்று அளவெடுக்கும் நாள். ஆறு மாதமாகத் திறந்து கிடந்த சாக்கடையில் விழுந்து செத்த கணவனின் உடலருகே செண்பகவல்லி அக்கா மாரடித்து அழுதுகொண்டிருந்தாள்.

“ஒரு மணி நேரம் சத்தமில்லாம அழுங்கக்கா. அந்த மெஷினுக்கு அழுகைக்கும் புகாருக்கும் வித்தியாசம் தெரியாது” என்றேன்.

“வித்தியாசம் இருக்கா தம்பி?” என்றாள்.

பிறகு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

எங்கள் தெருவுக்கு நூற்றுக்கு நூறு. தெருக்குழாயில் தண்ணீர் தினமும் வருகிறது. நான்தான் குடத்தோடு அவள் வாசலைத் தாண்ட முடியாமல் பின்தெரு வழியாகச் சுற்றிப் போகிறேன்.